வலது பக்கம் சாய்ந்த கார்

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மதியம் நாமக்கல் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் நடந்தது இது. எங்களுக்கு ராசிபுரம். நான் பள்ளி ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியவள். அன்றைக்கு அந்த வாய் அடைபட்டுப் போனது.

எங்கள் கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பொங்கல் கழிந்ததிலிருந்து அது வலது பக்கம் சாய ஆரம்பித்தது. வலது பக்கம்தானே டிரைவர் சீட்? என் கணவரோ ஆள் தாட்டியானவர். நூறு கிலோவுக்கு இரண்டே கிலோ குறைவு. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "உங்க பாரம் தாங்காம வண்டி படுத்துருச்சுங்க" என்று ஆரம்பித்து வைத்தேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில்கூட அவர் காரை விட்டு இறங்கினால், "வண்டி மூச்சு விடுது பாருங்க" என்று சிரிப்பேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சிரிப்போடு விட்டேனா? இரவுச் சாப்பாட்டை இரண்டு இட்லியாகக் குறைத்தேன். மதியம் இரண்டாம் முறை சோறு கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. மூன்று மாதத்தில் மனிதர் ஆறு கிலோ இளைத்தார். கார் மட்டும் நிமிரவில்லை.

நடுவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் காரைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், என்னைப் போலவே முடிவு கட்டினார். முன்பக்க வலது ஸ்பிரிங்கின் சுருளுக்கு நடுவே ஒரு ரப்பர் துண்டைச் செருகி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் நேராக நின்றது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கீழே 'டங்' என்று ஒரு சத்தம் வேறு வந்தது. சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்று அதையும் விட்டுவிட்டோம். வீட்டு வாசலில் பார்த்தாலும் எதுவும் தெரியாது. எங்கள் தெருவே சாக்கடைப் பக்கம் சரிந்துதான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நாங்கள் கொல்லிமலைக்குப் போவதாக இருந்தோம். சின்னவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். மாமியார், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர் என ஐந்து பேர் அதே காரில். எழுபது கொண்டை ஊசி வளைவு. அதற்காகத்தான் நாமக்கல் வந்து சாமான் வாங்கினோம். பின்னால் ஒரு அரிசி மூட்டை, இரண்டு அட்டை முட்டை, பூஜைச் சாமான். மலையேறும் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க நான்கு எலுமிச்சம்பழம் என் கைப்பையில் இருந்தது.

திரும்பும் வழியில் டீக்கு நிறுத்தினோம். கடைக்குப் பக்கத்திலேயே லாரிகளின் பாரம் தாங்கும் இரும்பு வில்லான கமான் பட்டையை மாற்றும் பட்டறை. அங்கே ஒருவர் பட்டையைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, நாற்பது வயது இருக்கும், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நாங்கள் வந்ததிலிருந்து எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, வண்டி எத்தன நாளா இப்புடி ஒருபக்கமா சாஞ்சு நிக்குது?"

எனக்குப் பழக்கமான கேள்வி. பழக்கமான பதிலைச் சொன்னேன். "எல்லாம் எங்கூட்டுக்காரரு பாரந்தானுங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"அவருதான் எறங்கி டீ குடிக்கறாருங்களே. வண்டி இன்னும் சாஞ்சுதான நிக்குது?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. மூன்று மாதம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் இறங்கிய பிறகு சமமான தரையில் காரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் வகுப்பில் கணக்கு சொல்லித்தருகிறவள் நான்.

"வண்டியக் கொஞ்சம் உள்ள உடுங்க, பாத்துப்புடலாம்" என்றார். நேரமாகிறது என்று நான் இழுத்தேன். ஆனால் என் கணவர் அதற்குள் சாவியோடு எழுந்துவிட்டார். மூன்று மாதமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் சும்மா இருப்பாரா?

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த அம்மா ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் அரிசி மூட்டை, முட்டை எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். நான்கு டயரிலும் காற்றைப் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக வைத்தார். பட்டறைத் தரை ரசமட்டம் வைத்துப் போட்டதாம். அதில் காரை நிறுத்தி, நான்கு மூலையையும் இரண்டிரண்டு தடவை அமுக்கி விட்டார். கார் ஆடி அடங்கியது. பிறகு டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே தகர விளிம்பு வரை அளந்தார். "தரையில இருந்து அளந்தா டயர் தேய்மானம் ஏமாத்திப்புடுமுங்க" என்றார். அளவை அந்தந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சாக்பீஸால் தரையில் எழுதினார்.

முன்பக்கம் வலது இரண்டு விரல் தாழ்வு. பின்பக்கமும் வலது ஒரு விரல் தாழ்வு. "அப்ப ரெண்டு ஸ்பிரிங்கும் போச்சுங்களா?" என்றேன், தெரிந்தவள் மாதிரி.

"இருங்க அம்மிணி" என்று சொல்லி, காரின் முன்பக்க அடியில் சரியாக நடுவில் ஜாக்கியை வைத்துத் தூக்கினார். முன்பக்கம் எழும்பியது. அவர் பின்னால் போய் மறுபடியும் டேப்பைப் பிடித்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பின்பக்கம் இடதும் வலதும் இம்மி பிசகாமல் ஒரே அளவு! பின் சக்கரத்தில் யாரும் கை வைக்கவில்லை. அது தானாக நிமிர்ந்து நின்றது.

"பின்னாடி ஒரு தப்பும் இல்லீங்க. ஆட்டுக்கு முன்னங்கால் நொண்டுனா பின்னாடியுஞ் சேத்துதான சாயும்? கோளாறு முன்னாடி வலது பக்கந்தான்."

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஒரு டேப், ஒரு ஜாக்கி, ஒரு சாக்பீஸ். நான்கு காலில் எந்தக் கால் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஜாக்கியை இறக்கிவிட்டு என் கணவரை ஸ்டியரிங்கை மெதுவாக ஒடிக்கச் சொன்னார். தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் காதைச் சாய்த்து உட்கார்ந்தார். 'டங்.' அவர் தன் கணவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்.

டார்ச் வெளிச்சத்தில் நானே பார்த்தேன். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருந்தது. உடைந்த முனை இடம் நகர்ந்து, கத்தி மாதிரி டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த ரப்பர் துண்டு அதை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது. அந்த அம்மா கழற்றிய டயரைப் புரட்டி, என் விரலைப் பிடித்து அதன் உட்பக்கத்தில் வைத்தார். வட்டமாக ஒரு கீறல். நகம் உள்ளே போய் உட்காரும் அளவுக்கு ஆழம்.

"நாளைக்கு எங்கியாச்சும் போறீங்களா?"

"கொல்லிமலைக்குங்க. கொழந்தைங்களோட."

அவர் அந்த டயரைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். "போவாதீங்க சாமி" என்றார், அவ்வளவுதான்.

பட்டறையில் கிடந்த ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். பையில் இருந்த நான்கு எலுமிச்சம்பழத்தை நம்பித்தான் நாங்கள் மலையேறியிருப்போம். ஏதோ ஒரு வளைவில் அந்த டயர் கிழிந்திருந்தால், அப்போதும் நான் சிரித்துக்கொண்டு அவரைக் கேலி பேசியபடிதான் இருந்திருப்பேன்.

கார் ஸ்பிரிங் மாற்றும் மிஷின் தங்களிடம் இல்லை என்று சொல்லி, தெரிந்த கார் மெக்கானிக்குக்கு அந்த அம்மாவே போன் செய்தார். "ரெண்டு பக்கமுஞ் சேத்து மாத்துங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு ஆகாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். காரை எடுத்துப்போக அந்த மெக்கானிக் வருவதற்குள், பார்த்ததுமே எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"லாரிக்காரங்க எல்லாருமே லோடு மேலதான் பழி போடுவாங்க. நாங்க லோடு எறக்குனதுக்கப்பறந்தான் வண்டியப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் கணவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது. நானே டீக்கடைக்குப் போய், "இவருக்கு ஒரு டீ, சர்க்கரை தூக்கலாப் போடுங்க" என்றேன். அவர் அதை மெதுவாக, கண்ணை மூடிக் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேண்டுதலை அடுத்த மாதம் நிறைவேற்றினோம். எழுபது வளைவையும் கார் நேராக நின்று ஏறியது, அவர் பழைய எடைக்கே வந்த பிறகும்.

இப்போதும் என் வாய் நீளம்தான், அது எங்கே குறையப் போகிறது? ஆனால் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர் மேல் பழி போட நாக்கு எழும்போதெல்லாம், அந்த ஆளை மனதுக்குள் ஒரு தடவை வண்டியை விட்டு இறக்கிவைத்துப் பார்க்கிறேன். பல நேரம், வண்டி அப்போதும் சாய்ந்தேதான் நிற்கிறது.