மூன்று முழுக்கு

போன மாதம் அந்தப் பிரெஞ்சு இயக்குநர் இறந்துபோனார். பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மகனாம். படச்சுருள் ஒட்டும் வேலையில் சேர்ந்து இயக்குநராக உயர்ந்தவராம். ஊர் ஊராக விருது வாங்கினாராம். தாமிரபரணிக் கரையில் எடுத்த படத்தில் ஒரு தாய் அழும் காட்சிதான் அவர் எடுத்ததிலேயே உயர்ந்ததாம். அடுத்தவர் வலியை அவரைப் போல மதித்தவர் இல்லையாம். பேப்பரைக் கசக்கி எறிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தத் தாய் என் அம்மா.

அப்போது எனக்கு எட்டு வயது. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் காமிராவை நிறுத்தியிருந்தார்கள். நடவுக்குப் போன அம்மாவையும் இன்னும் நாலு பெண்களையும் கூப்பிட்டு, இழவு வீட்டில் போல ஒப்பாரி வைக்கச் சொன்னார்கள். மொழிபெயர்க்க வந்தவர் பாளையங்கோட்டைக்காரர். அவரிடம் அம்மா, "சாவு விழாம ஒப்பாரி வச்சா வீட்டுக்கு ஆகாது அண்ணாச்சி. என்னால ஏலாது" என்றாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

எனக்கோ படப்பிடிப்பு நின்றுவிடுமே என்ற கவலை. காமிராவுக்குள் ஒரு தடவை பார்க்க விடுவதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். அவர் கையைப் பிடித்து, "போன வருசம் தம்பி ஆத்தோட போனப்போ எங்கம்மா நல்லா ஒப்பாரி வச்சா" என்றேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. அந்த நாக்கை இன்றைக்கும் இழுத்து அறுக்கலாம் போலிருக்கிறது. அவர் அதை அப்படியே இயக்குநரிடம் சொல்ல, வெள்ளைக்காரர் முகம் மலர்ந்துபோனது. தம்பி பெயரையும் என்னிடமே கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி அம்மா பக்கத்தில் போய்த் தம்பி பெயரைச் சொல்லி, "இந்த ஆத்துலதானம்மா போனான்?" என்றார். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். காமிரா ஓடியது. பாலத்தில் போன பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டானாம், மறுபடி வேண்டுமென்றார்கள். மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார்கள். அந்தத் தடவை வெயிலை மேகம் மறைத்துவிட்டது. மூன்றாவது தடவை முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சொன்னபடி அண்ணாச்சி என்னைத் தூக்கிக் காமிராவுக்குள் பார்க்கவிட்டார். அம்மா சேலையோடு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். இழவு வீட்டுக்குப் போனால் தலைமுழுகாமல் வீட்டுப்படி மிதிக்க மாட்டோம், அது எனக்குத் தெரியும். முழுகிப் படியேறி நின்றாள். திரும்ப இறங்கினாள். ஏறினாள். இன்னொரு தடவையும் இறங்கினாள். ஒரு சாவுக்கு ஒரு முழுக்குதானே, அம்மா ஏன் மூன்று தடவை முழுகுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.