குப்பம்மாளின் ஜோடி

மரக்காணம் உப்பளத்தில் குப்பம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆளில்லை. மேஸ்திரியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அந்த வாயைச் சிரித்துக்கொண்டே தாங்கியவள் ஒருத்திதான், அவளுடைய ஜோடி அஞ்சம்மாள். உப்புக்கூடையை ஒற்றை ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இவள் கூடைக்கு அவள் கை கொடுக்க வேண்டும், அவள் கூடைக்கு இவள். அஞ்சம்மாள் கல்யாணமாகி ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். சோறும் ஒரே தூக்கில், தண்ணீரும் ஒரே செம்பில்.

2005 கோடையில் அஞ்சம்மாள் மாறிப்போனாள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பியிருந்தது. காய்ச்சல் என்று சென்னைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வந்தாள். ஒருநாள் சோற்றைத் தனியாக எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அடுத்து, கடைசிப் பாத்திக்கே போய்விட்டாள். அங்கே அரைக்கூடை உப்பை முட்டி போட்டுத் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு தள்ளாடினாள். அரைக்கூடை சுமக்கிறவளை மேஸ்திரி எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்? இந்த வேலையை விட்டால் அவள் பிள்ளைகளுக்குச் சோறு ஏது?

தான் ஏதோ வாய் தவறிப் பேசிவிட்டோம் என்றுதான் குப்பம்மாள் நினைத்தாள். யோசித்துப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டிய பேச்சு ஏகப்பட்டது இருந்தது. எதற்கென்று கேட்பது? மனசு கேட்காமல் அவள் வீட்டுக்கே போய் மல்லுக்கு நின்றாள். அஞ்சம்மாள் அழுதுகொண்டே எச்.ஐ.வி. என்றாள். புருஷனிடமிருந்து வந்தது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

“என் காலைப் பாருக்கா. வெடிச்சு ரத்தம் கசியுது. உன் காலும் அப்படித்தான் இருக்குது. ஒரே பாத்தித் தண்ணில நின்னா உனக்கும் வந்துடாதா?”

உப்பளத்துக்காரிக்குத்தான் இப்படி ஒரு பயம் வரும். குப்பம்மாளுக்கும் அது நியாயமாகவே பட்டது. மறைப்பானேன், அவளும் பயந்தாள். வீட்டுக்குப் போய்த் தன் பாத வெடிப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆனாலும் அஞ்சம்மாளை விட்டுவிட்டு இருக்க அவளால் ஆகவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூடவே பஸ் ஏறினாள்.

அங்கே ஆலோசனை சொல்லும் வைஜெயந்தியை அவள் லேசில் விடவில்லை. பாத்தித் தண்ணீர், செம்பு, வியர்வை, கொசு என்று எதையும் மிச்சம் வைக்காமல் கேட்டாள். இதிலெல்லாம் வராது என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம் ஏற்றுவது, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் பரவுமாம். கிருமியை அடியோடு விரட்ட முடியாதாம். ஆனால் மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டால் உழைத்துக்கொண்டு பல வருஷம் நன்றாக வாழலாமாம்.

இவ்வளவும் கேட்டு வந்த பிறகும் அஞ்சம்மாள் கடைசிப் பாத்திக்கே போனாள். மனசு ஒப்பினாலும் கால் ஒப்பவில்லை. குப்பம்மாள் விடுவிடுவென்று பின்னாலேயே போய், அவள் நின்ற பாத்தியிலேயே இறங்கினாள். தன் கூடையை நிறைய வாரி வைத்துவிட்டுக் குனிந்து நின்றாள்.

“தூக்கி வுடுடி.”

அஞ்சம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தூரத்தில் மேஸ்திரி சத்தம் போட்டார். குப்பம்மாள் அசையவில்லை.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. கேட்டுட்டு வந்துட்டேன், போயிடுச்சு. நீ தூக்கி வுடற வரைக்கும் இப்படியேதான் நிப்பேன்.”

கடைசியில் அஞ்சம்மாள் குனிந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். கூடை தலைக்கு ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ சண்டை தீர்ந்தது என்று சிரித்துக்கொண்டார்கள். உப்புக் குவியல் வரைக்கும் குப்பம்மாள் வாயையே திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.