ஒரு நூல் இடது பக்கம்

ஒன்பது வருடமாக அக்கா பார்த்தது உட்கார்ந்த இடத்து வேலை. டிஷ் விற்கிற கடை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் போட்ட மேஜை. மேஜையில் ஒரு டெலிபோன், ஒரு புகார் நோட்டு, மூடி தொலைந்த மூன்று பேனாக்கள். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் படம் போனாலும் அந்த டெலிபோன் அடிக்கும். அக்கா எடுத்த எடுப்பில் "லைன்ல இருங்க" என்பாள். அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. காய்கறிக் கடையில்கூட, "லைன்ல இருங்கக்கா வந்தாச்சு, தராசை ஒழுங்கா பிடி" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டு வெங்காயம் பொறுக்குவாள்.

வயது நாற்பத்தொன்று. கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அக்காவுக்கு டிஷ் பற்றி யாரும் பாடம் எடுத்ததில்லை. கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டாள். ஒரு வீட்டில் தினமும் நாலு மணிக்குப் படம் போய், ஆறு மணிக்குத் தானாக வந்துகொண்டிருந்தது. டிஷ் மாட்டுகிற ஆள் மூன்று முறை போய்ப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கையை விரித்துவிட்டான். அக்கா போனிலேயே கேட்டாள்: "நாலு மணிக்கு மாடியில யாராவது துணி காயப்போடுவாங்களா?" மேல்வீட்டுக்காரர் நாலு மணிக்கு வேலை முடிந்து வந்து, துவைத்த போர்வையை நேராக டிஷ்ஷுக்கு முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொடியை இரண்டு அடி தள்ளிக் கட்டியதும் தொல்லை தீர்ந்தது.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் மாடி ஏறவில்லை என்று கேட்டால், ஏறவிடவில்லை என்பதுதான் பதில். மூன்று வருடத்துக்கு முன் முதலாளியிடம் கேட்டே பார்த்தாள். "உனக்கு எதுக்கும்மா அந்தப் பொழப்பு? நிழல்ல உக்காந்து பேசுற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்று சிரித்து மழுப்பிவிட்டார். அவர் மோசமான ஆள் இல்லை. உயரம் என்றாலே அவருக்குக் குலை நடுக்கம். கடையில் பல்பு மாற்றவே பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவார். தான் நடுங்குகிற இடத்துக்கு ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது என்பது அவர் நினைப்பு. அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தாலும் அந்தச் சிரிப்பு மனதில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அப்போதுதான் எச்.டி. வந்தது.

முப்பது புதுச் சேனல்கள், கண்ணாடி மாதிரி படம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. ஆனால் சும்மா வராது. புதுச் சேனல்கள் வேறொரு செயற்கைக்கோளிலிருந்து வந்தன. அதனால் பழைய பாக்ஸைக் கழற்றிவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். டிஷ்ஷின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யை மாற்ற வேண்டும். டிஷ்ஷையும் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். ஒரே வாரத்தில் புகார் நோட்டில் நூற்று நாற்பது பெயர்கள் சேர்ந்தன. கடையில் மாட்டுகிற ஆட்கள் இருந்ததோ இரண்டே பேர். ஒருவன் போன மாதம்தான் வேறு வேலைக்குப் போயிருந்தான். இன்னொருவன் பைக்கிலிருந்து விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து கடை வாசலில் நின்றான்.

முதலாளி தலையில் கை வைத்தார். அக்கா நோட்டை மூடினாள்.

"அண்ணே, நான் போறேன்."

"நீயும் போறியா? எந்தக் கடைக்கு?"

"கடைக்கு இல்ல, மாடிக்கு. முதல் பேரு கணக்கு சாருது. இன்னைக்குப் போகலைன்னா அவர் இங்கயே வந்து உக்காந்துடுவார்."

முதலாளி மாவுக்கட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "விழுந்துகிழுந்து வெக்காதம்மா," என்று மட்டும் சொன்னார். அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவர் மனசு மாறுவதற்குள் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கணக்கு சார் என்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அக்காவின் டெலிபோனுக்கு நிரந்தர வாடிக்கையாளர். ஞாயிறுதோறும் பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, அந்த வாரம் படம் எப்போதெல்லாம் போனது என்று நிமிஷக் கணக்கில் வாசிப்பார். ஒரு தடவை ஏழு நிமிஷத்தை எட்டு என்று சொல்லிவிட்டு, திரும்பக் கூப்பிட்டுத் திருத்தியவர். அவருக்கு எச்.டி. அவசரம். செஸ் உலகப் போட்டியைப் புதுச் சேனலில்தான் நேரடியாகக் காட்டுகிறார்கள். பழைய படத்தில் பலகையைத் தூரத்திலிருந்து காட்டினால் மந்திரி எது, சிப்பாய் எது என்று தெரிவதில்லையாம்.

கதவைத் திறந்தவர் அக்காவைத் தாண்டிப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"ஆள் வரலையாம்மா?"

"வந்திருக்கேன் சார்."

"உங்க குரல்... எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"ஞாயித்துக்கிழமை பதினொன்றரைக்குக் கேட்டிருப்பீங்க."

வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வழிவிட்டு நின்றார். "நீங்க இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார்.

உள்வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. பாக்ஸை மாற்றி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று தொங்கிய பழைய வயர்களை உருவிவிட்டு, புதிய பட்டை வயரைச் சொருகினாள். மாடிக்குப் போன பிறகுதான் சோதனை ஆரம்பித்தது. ஒன்பது வருடமாக எத்தனையோ பேரிடம், "டிஷ்ஷை லேசா இடது பக்கம் திருப்புங்க சார், அவ்வளவுதான்" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். அந்த 'லேசா' எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. மொத்தமே ஒரு நூல் அளவு. திருப்பினால் தாண்டிப் போகிறது, திருப்பாவிட்டால் வரவே மாட்டேன் என்கிறது. நட்டை முறுக்கினால் முறுக்குகிற வேகத்தில் டிஷ்ஷே நகர்கிறது. வெயிலில் கம்பி சுட்டது. விரல் முட்டி உரிந்தது. தன் பேச்சைக் கேட்டு மாடியில் நின்று திண்டாடிய முகம் தெரியாத அத்தனை பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

முக்கால் மணி நேரம் போராடியும் சிக்னல் மீட்டரில் எண் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. குறைந்தது அறுபது வேண்டும். காற்று அடித்தால் முப்பத்தெட்டு இருபதாகிறது, நின்றால் திரும்ப ஏறுகிறது. அக்கா மீட்டரை வைத்துவிட்டு, டிஷ் பார்க்கிற திசையில் தானும் பார்த்தாள். எதிரே, பக்கத்து வீட்டு வாசலில், மரம் ஒன்று குடை விரித்தாற்போல் நின்றது. பழைய திசையில் அது ஓரமாக ஒதுங்கியிருந்தது. புதிய திசையில் நட்டநடுவே நிற்கிறது.

மேலே வந்த வாத்தியாரிடம் காட்டினாள். அவர் முகம் சட்டென்று சிவந்தது.

"அதை வெட்டுங்கன்னு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். இலை எல்லாம் என் வாசல்லதான் கொட்டுது. அந்தம்மா வெட்டவும் இல்ல, அன்னையிலேருந்து என்கிட்ட பேசுறதும் இல்ல."

"மரத்தை வெட்ட வேணாம் சார். அந்த வீட்டு மாடி மரத்தை விட உயரமா இருக்கு. டிஷ்ஷை அங்க வெச்சு வயரை இங்க இழுத்துட்டா போதும்."

"அங்கயா? நடக்காது. என் பேரைச் சொன்னாலே கதவைச் சாத்திடுவாங்க."

"முதல்ல என் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன்," என்று அக்கா இறங்கினாள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். கதவை ஒரு சாண் திறந்து, இடைவெளியில் நின்று கேட்டார். வாத்தியார், டிஷ், மாடி என்று மூன்று வார்த்தை காதில் விழுந்ததுமே கதவு நகர ஆரம்பித்தது.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். மரத்துல ஒரு இலையைக்கூடத் தொட மாட்டோம். அதுக்காகத்தான் உங்க மாடியைக் கேக்குறேன்."

கதவு நின்றது. நர்ஸம்மா கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"நீ அந்த டெலிபோன் பொண்ணுதானே? லைன்ல இருங்க?"

"ஆமாம்மா."

"என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்தப்ப, ஒரு நாள் ஃபுட்பால் மேட்ச்சுக்கு முன்னாடி படம் போயிடுச்சு. எனக்கு ஊசி போடத் தெரியும், அந்த வயர் சமாச்சாரம் தெரியாது. நீ ஒரு மணி நேரம் போனை வைக்காம ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி வர வெச்ச. ஞாபகம் இருக்கா?"

அக்காவுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது அழைப்புகள் வருகிற இடம் அது. இருக்கிறது என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "மன்னிச்சுக்கங்க, ஞாபகம் இல்லம்மா. மேட்ச் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"முழுசா பார்த்தார். அவர் டீம் தோத்துப் போச்சு. திட்டிக்கிட்டே தூங்கினார்." நர்ஸம்மா சிரித்தார். கதவு முழுதாகத் திறந்தது. "மாடியைத் தர்றேன். ஆனா அந்த மனுஷன் வந்து அவர் வாயால கேக்கணும்."

இந்தச் செய்தியைக் கேட்ட வாத்தியார் அறையில் நாலு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டையை மாற்றினார். தலை வாரினார். கடிகாரத்தைப் பார்த்தார். போட்டி தொடங்க ஐம்பது நிமிஷம் இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, வகுப்பில் பதில் தெரியாத பையன் மாதிரி தரையைப் பார்த்தார்.

"நமஸ்காரம். ஒரு... ஒரு உதவி."

"சொல்லுங்க."

"உங்க மாடியில ஒரு டிஷ் வெக்கணும். மரம் இருக்கட்டும். மரம்... நல்ல மரம்தான்."

"இலை கொட்டுமே?"

"கொட்டினா கூட்டிக்கிறேன்."

நர்ஸம்மா மேலும் ஒரு நிமிடம் அவரை நிற்க வைத்துவிட்டு, மாடிச் சாவியை எடுத்துக்கொடுத்தார். ஆறு வருடக் கோபத்துக்கு அந்த ஒரு நிமிடம் ஒன்றும் அதிகமில்லை.

இந்த முறை அக்காவின் கைக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. நட்டை முழுதாக இறுக்காமல் பாதியில் விட்டாள். டிஷ்ஷின் விளிம்பை இரண்டு விரலால் தட்டித் தட்டி நகர்த்தினாள். நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபத்தாறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நூல் இடது பக்கம். எழுபத்திரண்டு. காற்று அடித்தது. எண் அசையவில்லை. நட்டுகளை மாற்றி மாற்றி, பக்கத்துக்குக் கால் சுற்றாக இறுக்கினாள். அப்போதும் எழுபத்திரண்டு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மாடியில் புறா மட்டும்தான் இருந்தது. அதனிடம் மீட்டரைக் காட்டினாள்.

கீழே ஜன்னலிலிருந்து வாத்தியார் குரல் வெடித்தது. "வந்துடுச்சு! மந்திரி தெரியுது! மந்திரி தனியா தெரியுது!"

"எந்த மந்திரிய்யா? என்ன செஞ்சார்?" என்று நர்ஸம்மா தன் ஜன்னலிலிருந்து பதறிக் கேட்டார்.

அவரும் போய்ப் பார்த்தார். ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் விளையாடுகிறவர் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. "எனக்கும் ஒண்ணு போட்டுடும்மா, டிஷ்தான் என் மாடியிலயே இருக்கே," என்றார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இரட்டை வாய் உள்ள எல்.என்.பி. ஒன்றை அக்கா மறுநாள் கொண்டுவந்து மாட்டினாள். வாத்தியார் மறுநாளே வாசல் கூட்டினாரா என்று தெரியவில்லை. அந்த வாரம் ஞாயிறு பதினொன்றரைக்கு அவரிடமிருந்து போன் வரவில்லை. முதலாளி கவலைப்பட்டு, "அவர் நல்லா இருக்காரான்னு கேளு" என்றார்.

நூற்று நாற்பது பெயர்களையும் அக்கா ஒன்றரை மாதத்தில் முடித்தாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு வீடு, பிறகு ஐந்து. கையில் காய்ப்பு விழுந்தது. முகம் கறுத்தது. பஸ் ஓட்டுகிற கணவர் தன் பழைய தொப்பியைக் கொடுத்தார். மாவுக்கட்டு பிரிந்து திரும்பி வந்தவனிடம் முதலாளி சொன்னார்: "நீ கிழக்குப் பக்கம் பார்த்துக்க. மேற்கு முழுக்க அக்கா." டெலிபோனுக்குப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். ரொம்ப மரியாதையானவர், வேகம்தான் போதாது. அக்கா தினமும் காலையில் பத்து நிமிஷம் அவரோடு உட்கார்ந்து, எந்தப் புகாருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். "'லேசா திருப்புங்க'ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பதை மறக்காமல் சேர்த்துக்கொள்வாள். முதலாளி இப்போதும் ஏணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இத்தனைக்கும் அக்கா வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது பழைய பாக்ஸ்தான். மகள் கேட்டு அலுத்துவிட்டாள். ஊர் வீட்டு மாடியெல்லாம் ஏறி இறங்குகிறவளுக்குச் சொந்த மாடி ஏற ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை. வாய்த்த அன்று கணவர் ஏணியைப் பிடித்தார், மகள் டிவி முன்னால் உட்கார்ந்து எண்ணைக் கத்தினாள். பதினெட்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

கடலுக்கடியில் மீன்கள் போகிற படம் ஓடியது. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக மின்னியது. "அம்மா, டிவி மேல எவ்வளவு தூசி பாரு. எச்.டி.ல எல்லாமே தெரியுது," என்றாள் மகள். கணவர் துணி தேடிக்கொண்டு எழுந்தார். திரும்பி வந்து பார்த்தால், அக்கா தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.