நம்பாமலே வழி சொன்ன மருதை அண்ணன்

மருதை அண்ணன் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் பதுளை ஆஸ்பத்திரிக்கு முன்னால் எங்கள் வேன் தரிப்பிடத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் கலாதான் போனில் சொன்னாள். மரணச் செய்தி கேட்டால் முஸ்லிம்களாகிய நாங்கள் உடனே சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்கிறோம் என்பது அதன் பொருள். என் வாய் பழக்கத்தில் அதைத் தொடங்கிவிட்டது. திரும்பிச் செல்கிறோம் என்ற சொல் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் இருந்திருந்தால், "எங்கிட்டு நானா திரும்புறது?" என்று கேட்டுச் சிரித்திருப்பார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, வேனுக்குள் ஏறி உட்கார்ந்து அழுதேன்.

பதுளையிலும் பசறையிலும் அவரைத் தெரியாத ஆட்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருதமுத்து என்பது அவருடைய முழுப்பெயர். பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களின் உடலை ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுவது அவருடைய தொழில். எனக்கும் அதே தொழில்தான், அதே தரிப்பிடம்தான். கலியாணத்துக்கும் யாத்திரைக்கும் எங்கள் வேன்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆகவே சும்மா இருக்கும் நேரம் எங்களுக்கு அதிகம். வயதில் எனக்கு மூத்தவர் என்றாலும், எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல என்னை அவர் நானா என்றுதான் அழைப்பார். நான் அவரை அண்ணன் என்பேன். உங்களில் தம்பி யாருமே இல்லையா என்று மற்றச் சாரதிகள் கேலி செய்வார்கள்.

அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வழக்குத்தான். ஆனால் அது முடியாத வழக்கு. செத்தால் அம்புட்டுத்தான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்பது அவருடைய கட்சி. தினம் பிரேதம் ஏற்றுகிற ஒரு மனிதர் இப்படிச் சொல்கிறாரே, இதற்குப் பின்னால் பெரிய கதை ஏதாவது இருக்கும் என்று ஆரம்பத்தில் துருவித் துருவிக் கேட்டேன். ஒரு கதையும் இல்லை. கடவுளோடு அவருக்குக் கோபமும் இல்லை. யோசித்துப் பார்த்தாராம், அப்படித்தான் தோன்றியதாம். அவருடைய சம்சாரம் பெரிய பக்தை. இவர் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார், தாம் வெளியே நின்று கச்சான் கடலை தின்பார், சம்சாரம் திரும்பி வந்ததும் நெற்றியைக் காட்டி விபூதியும் பூசிக்கொள்வார். "அவ பூசுறா, நான் நெத்தியக் குடுக்குறேன். இதுல என்ன நட்டம்?" என்பார்.

என்னுடைய கட்சி வேறு. மறுமையும் கேள்வி கணக்கும் இல்லையென்றால் மனிதன் எதற்கு ஒழுங்காக நடக்க வேண்டும்? யாரும் பார்க்காத இடத்தில் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்? என்னை நேராக நடக்க வைப்பது அந்தப் பயம்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பயம் இல்லாத மருதை அண்ணன் என்னைவிட நேராக நடந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்று சொல்லமாட்டேன். எந்திரத்தைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிற மெக்கானிக்கின் குடைச்சல் அது. இது எதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

டீசலுக்கு நாட்டில் பெரும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. என் வேன் டீசல் இல்லாமல் நின்றுபோனதால் அவருக்குத் துணையாக அவருடைய வேனில் போய்வந்துகொண்டிருந்தேன். பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைக் கொடுக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். அவருடைய மனைவி, லயத்தில் பிள்ளைகள் தனியாக இருப்பதால் முன்னாலேயே பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. போகுமுன் மருதை அண்ணனிடம் வந்து நின்றார்.

"அவர மயக்கத்துலதாங்க இங்க கொண்டாந்தாங்க. வந்த வழி அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முடக்குலயும் எடத்துப் பேரச் சொல்லிக் கூட்டியாந்துருங்கண்ணே. இல்லாட்டி எங்கயாவது நின்னுருவாரு" என்றார்.

அண்ணன் சரியென்று தலையாட்டினார். பாவம், அந்தப் பெண்ணின் மனத்திருப்திக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேன் பதுளை டவுனைத் தாண்டியது. பாதை வளையும் முதல் முடக்கில் வேகத்தைக் குறைத்து, தலையைப் பின்னால் திருப்பி, பெட்டியைப் பார்த்து இடத்தின் பெயரைச் சொன்னார். அடுத்த முடக்கிலும் சொன்னார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விளையாட்டும் இல்லை, பக்தியும் இல்லை. பஸ்ஸில் ஏறிய வெளியூர்க்காரருக்கு இறங்குமிடம் சொல்கிற கண்டக்டரின் முகம் அது.

பசறையைத் தாண்டித் தோட்டப் பாதையில் ஏறினோம். பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தோட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று பிரேக்கைப் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பலகையில் இருப்பதெல்லாம் வெள்ளைத் துரைமார் காலத்து இங்கிலீஸ் பெயர்கள். லயத்துச் சனங்கள் அந்தப் பெயர்களைச் சொல்வதே இல்லை. அவர்களுக்கு அது வாழமலை, இது புளியடித் தோட்டம், அப்பால் கீழ்க்கணக்கு. "பலகையில எழுதுனதச் சொல்லிக்கிட்டு வந்துட்டேனே நானா. அந்த மனுசனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்றவர், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஒரு மடுவத்துக்கு முன்னால் வேனைத் திருப்பினார்.

நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். ஒரு போத்தல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற நாட்கள் அவை. அவர் கேட்கவில்லை. வந்த மலையை மறுபடி இறங்கி, தோட்டப் பாதை தொடங்கும் சந்திக்கே போய், அங்கிருந்து ஒவ்வொரு முடக்காகத் தமிழ்ப் பெயர் சொல்லி ஏறி வந்தார். காதால் கேட்க முடியாது என்று தாமே நம்புகிற ஒருவருக்காக! நானும் எத்தனையோ பக்திமான்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காரியத்தைச் செய்தவரைப் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திரும்பும் வழியில் அவரை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதருக்குக் கேட்காது என்று சொல்வது நீங்கள். அந்தப் பெண்ணும் பக்கத்தில் இல்லை. நான் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. மேலேயிருந்து பார்ப்பவனும் இல்லை என்கிறீர்கள். பிறகு யாருக்காக இந்த டீசல் என்று கேட்டேன். முதலில், சொன்னேன் அல்லவா, சொன்னால் செய்ய வேண்டாமா என்றார். ஏன் செய்ய வேண்டும் என்றேன். கியரை மாற்றி ஒரு முடக்கைத் திருப்பினார். பிறகு தமக்கே கதை சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்.

"அந்தம்மா கேட்டுச்சு, நான் செஞ்சேன். அது நடந்துருச்சு நானா. நாளைக்கு நானும் இல்ல, நீங்களும் இல்ல, அந்தம்மாவும் இல்ல. ஆனா நடந்தத யாரு வந்து நடக்கலன்னு ஆக்க முடியும்? உங்க ஆளாலயும் முடியாதுல்ல?"

'உங்க ஆளு' என்று அவர் சொல்வது இறைவனை. மரியாதைக் குறைவாக அல்ல, சொந்தக்காரரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் மௌலவியைப் பிடித்து, நடந்த ஒன்றை நடக்காததாக ஆக்க இறைவனால் முடியுமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை உங்களுக்கு யார் சொல்லித்தந்தது என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அண்ணனிடம் வந்து இதைச் சொன்னபோது, அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதைச் சொல்லாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். ஒரு தடவை கொஸ்லந்தப் பக்கம் ஒரு பச்சைக் குழந்தையின் உடலைக் கொண்டுபோனார். குழந்தைக்குப் பெட்டி வேண்டாம் என்று தாய் மடியிலேயே வைத்துக்கொண்டாராம். பண்டாரவளையைத் தாண்டியதும் மழை. ஜன்னல் கண்ணாடி சரியாக மூடவில்லை. "அண்ணே, புள்ளைக்குக் குளிருமா?" என்று அந்தத் தாய் கேட்டாராம். குளிராதும்மா என்றாராம் இவர். அது அவரைப் பொறுத்தவரை சுத்தமான உண்மை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, வேனை நிறுத்தித் தம்முடைய சேர்ட்டைக் கழற்றிக் கொடுத்து, ஜன்னல் இடுக்கை அடைக்கச் சொன்னாராம். வெறும் பெனியனோடுதான் தரிப்பிடத்துக்குத் திரும்பி வந்தார். சோற்றுப் பார்சலை வாங்கி வைத்துவிட்டுத் தொடவே இல்லை.

"இன்னைக்கு மட்டும் உங்க ஆளு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் நானா" என்றார். அவர் கண்கள் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். வாதத்தில் அவரை மடக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை. நான் வாதத்தை விட்டுவிட்டு, சோற்றுப் பார்சலைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

கடைசிக் காலத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. வேனை விற்றுவிட்டு லயத்தோடு தங்கிவிட்டார். நேரம் கிடைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவரைவிட எனக்குத்தான் பயம். என் நம்பிக்கைப்படி ஒரு நாள் எல்லோரும் எழுப்பப்படுவோம். எழுப்பினால் இவர் கதி என்ன? வேறு யாராவது என்றால் அது இறைவன் பாடு என்று விட்டுவிடலாம். இவரை அப்படி விட என்னால் முடியவில்லை. மௌலவியிடம் மறுபடி போனேன். அவர் என் தோளில் கைவைத்து, அதை அவனிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் தலையைப் போட்டு உடைக்காதீர்கள் என்றார். நல்ல மனிதர். ஆனாலும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

கடைசியாகப் போன நாளில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். ஒரே ஒரு தடவை, எனக்காகவாவது, மறுமை இருக்கிறது என்று நம்பிவிட்டுப் போங்களேன் என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்களுக்காக என்ன வேணும்னாலும் செய்வேன் நானா. ஆனா இது வாயால சொல்ற பொய்யாத்தானே இருக்கும்? பொய்யோட போயி நின்னா உங்க ஆளு ஒத்துக்குவாரா?" என்றார். பயமாக இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான் என்றார். இந்தக் குளிரையும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் பொம்பளைகளின் சத்தத்தையும், அவரோடு வாதாடும் என் வாயையும் விட்டுப்போவது கஷ்டமாகத்தான் இருக்கிறதாம். தம்முடைய சடங்குகளை வீட்டார் விருப்பப்படி செய்யட்டும் என்றும் சொன்னார். அது இருப்பவர்களுக்கு உரியதாம், அதில் தமக்குப் பேச்சில்லையாம்.

அடக்கத்தன்று லயமே வாசலில் கூடியிருந்தது. தப்பு மேளம் அடித்தார்கள். தோட்டத்து ஆண்கள் குழி வெட்டப் போயிருந்தார்கள். அவருடைய சம்சாரம் தலைமாட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கத்தில் விறகு அடுக்கிய இடத்தில் தனியாக நின்றேன். அங்கே கலா வந்தாள். சின்ன வயதிலிருந்து எங்கள் வாக்குவாதங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. இப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை செய்கிறாள்.

"மாமா, அப்பா சொன்ன மாதிரி ஒண்ணுமே இல்லையா? இல்ல, நீங்க சொல்ற மாதிரி ஒரு எடம் இருக்குதுங்களா? இருந்தா, அப்பாவ உள்ள விடுவாங்களா?"

அவளுடைய கேள்வியில் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளைக்கு நட்டம்தான். ஒன்றுமில்லை என்றால் அப்பாவை அவள் இனிக் காணப்போவதில்லை. இடம் இருக்கிறது என்றால் அவர் வெளியே நிற்க வேண்டி வருமோ என்ற பயம். ஆறுதலுக்கு ஏதாவது சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போன மனிதர் உள்ளே கிடக்கிறார். அவர் வீட்டில் நின்றுகொண்டு நான் எப்படிப் பொய் சொல்வேன்? இத்தனை வருடம் தரிப்பிடத்தில் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எடம் இருக்கு மகள். நான் நம்புறேன். அப்பாவ உள்ள விடாட்டி நானும் போக மாட்டேன். அவரோடயே வெளியில நிண்டுக்கிறேன்."

கலா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். என்ன சொன்னேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த இடம் கிடைக்கும் என்பதற்காகத்தானே இந்த வயது வரை நேராக நடந்தேன் என்று அவரிடம் வாதாடினேன்? அதைப் போய் ஒரு வார்த்தையில் கீழே வைத்துவிட்டேனே. எதற்காக வைத்தேன்? யாரும் என்னை வைக்கச் சொல்லவில்லை. வைத்தால் கூலி கிடைக்கும் என்றும் எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை. மருதை அண்ணன் எதில் ஓடினார் என்று இத்தனை காலம் குடைந்துகொண்டிருந்தவன், அன்று என்னையே திறந்து பார்த்தவனைப்போல விறகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன், பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். கையை ஏந்திக் கேட்டேன். என் கோபத்துக்குக் கேட்டேன், என் வாய்த்துடுக்குக்குக் கேட்டேன், தவறவிட்ட தொழுகைகளுக்குக் கேட்டேன். கலாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எல்லோரும் எழுந்துபோன பிறகும் ஏந்திய கையோடு உட்கார்ந்திருந்தேன்.

மருதை அண்ணன், நீங்கள் சொன்னது சரியென்றால் இது எதுவும் உங்களுக்குக் கேட்கப்போவதில்லை. அப்படியென்றால் நிம்மதியாக இருங்கள். நான் சொன்னது சரியென்றால், தனியாக நிற்கிறோமே என்று கலங்க வேண்டாம். கொஞ்சம் பிந்தினாலும் வந்துவிடுவேன்.