வலியுல்லா ஒட்டிய பக்கம்

சட்டம் என்றால் ஏதோ கல்லில் வெட்டி வைத்தது என்று நினைப்பவர்கள் வலியுல்லாவின் மேசையை ஒருதரம் வந்து பார்த்திருக்க வேண்டும். அங்கே சட்டம் பசையில்தான் நின்றது. கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகம், ஜன்னலோரத்தில் மேசை, அதன்மேல் ஒரு கத்தரிக்கோல், ஒரு பிரஷ், ஒரு கிண்ணம் பசை. சர்க்கார் எந்தச் சட்டத்தையாவது திருத்தினால், திருத்தத்தைச் சின்னச் சின்னச் சீட்டாக அச்சடித்து அனுப்பும். அதைக் கத்தரித்துப் புத்தகத்தில் பழைய வரியின் இடத்தில் ஒட்டுவது வலியுல்லாவின் உத்தியோகம். யுத்த காலத்தில் சர்க்காருக்கு வேறு வேலையே இல்லையோ என்னவோ, ஓயாமல் திருத்தம் வந்துகொண்டிருந்தது. மனுஷர் அசரவில்லை.

நூலகம் என்றால் அப்படி இப்படி இல்லை. தீர்ப்புத் தொகுதிகள் தோல் அட்டையோடு கூரை வரைக்கும் நிற்கும். மயிலாப்பூர் வக்கீல்கள் காலமானதும் வீட்டிலிருந்து வண்டி கட்டி வந்த புத்தகங்களுக்குத் தனி அலமாரிகள். ஊரெல்லாம் புதுப் பதிப்பு வந்ததும் பழையதை எடைக்குப் போடுவார்கள். இங்கே ஒரு தாளையும் வெளியே விடமாட்டார் நூலகர் தணிகாசலம். சீட்டு ஒட்டுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஓர் ஓரத்தில் மட்டும் பசை தடவ வேண்டும். தூக்கிப் பார்த்தால் அடியில் பழைய வரி தெரிய வேண்டும்.

வலியுல்லாவுக்கு அது பிடிக்கவேயில்லை. ஃபேன் காற்றில் சீட்டெல்லாம் படபடவென்று அடித்துக்கொள்ளும். பையன்கள் புரட்டுகிற வேகத்தில் கிழிந்து பறக்கும். கச்சேரி ரோட்டு வீட்டில் தலையணை உறை கோணலாக இருந்தாலே தூக்கம் வராத ஆசாமி அவர். செத்துப்போன சட்டத்துக்கு எதற்கு ஜன்னல் என்று சீட்டின் முதுகு முழுக்கப் பசை தடவி அழுத்தி ஒட்டிவிட்டார். பக்கம் வழவழவென்று இருப்பதைப் பார்த்துத் தணிகாசலம் "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போனாரே தவிர, ஒரு நாளாவது நகத்தால் தூக்கிப் பார்த்தாரா? இல்லை. அது அவர் தப்பு.

பசை காய்ச்சுகிற மைதா ரேஷனுக்குப் போனபின் புளியங்கொட்டைதான் கைகொடுத்தது. வறுத்துத் தோல் நீக்கி இடித்துக் காய்ச்சினால் இரும்புப் பிடி பிடிக்கும். காய்ச்சுவது வலியுல்லாவின் மனைவி சகினா. கொட்டை கொண்டுவந்து கொடுப்பது முனியம்மாள். கால்வாய்க்கரைக் குடிசைக்காரி, மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கிற வேலை. மடி நிறையக் கொட்டையைக் கட்டிக்கொண்டு நூலக வாசலுக்கு வருவாள்.

"இன்னா பாய், அவ்ளோ பெரிய சட்டத்துக்கு எங்கூட்டுப் புளியங்கொட்டதானா முட்டுக் குடுக்குது?" என்று வாய் நிறையச் சிரிப்பாள். அவள் வந்து போனால் வலியுல்லாவுக்கு அன்றைக்கு வேலை ஓடும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மழைக்கு முன்னால், அந்த முனியம்மாள் வெறும் மடியோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கூடவே கறுப்புக் கோட்டில் வக்கீல் சிதம்பரநாதன். ஏழைபாழைகளுக்குக் கூலி கேட்காமல் வழக்காடுகிறவர்.

"மனைக்காரன் எங்க குடிசயெல்லாம் பிரிச்சுப் போடச் சொல்லி கோர்ட்டுக்குப் போய்க்கீறான் பாய். பொடவையப் போத்திக்கினு ரோட்டுலயா படுக்கறது?"

விஷயத்தைச் சிதம்பரநாதன் சொன்னார். குடிசை மனை விதிகளில் முன்பு ஒரு வரி இருந்தது: நெடுநாள் குடியிருப்பவர்களைக் கிளப்ப வேண்டுமானால் முதலில் மாற்று இடம் காட்ட வேண்டும். யுத்தத்தின்போது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் மனைக்காரர் நோட்டீஸ் கொடுத்தது அதற்கு முன்பே. நோட்டீஸ் தேதியில் எந்த விதி இருந்ததோ அதுதான் பேசும்.

"பழைய வாசகம் ஊர்ல எங்கயுமே இல்ல. எல்லாரும் புதுப் பதிப்புதான் வச்சிருக்காங்க. உங்க நூலகம் ஒண்ணுதான் எதையும் தூக்கிப் போடாத இடம்" என்றார் வக்கீல்.

தணிகாசலம் பூரித்துப் போய்ப் புத்தகத்தைத் தாமே எடுத்து வந்து விரித்தார். பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. சீட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கினார். வரவில்லை. மறுபக்கம், மேலே, கீழே. ம்ஹும். தணிகாசலம் மெள்ளத் தலையைத் தூக்கினார்.

"வலியுல்லா, என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்கீர்?"

வலியுல்லா புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். முனியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுல கீதா பாய்? எங்க வரி அதுல கீதா?" என்று பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மடியில் சுமந்து வந்த கொட்டைதான் அவள் குடிசையை அந்தச் சீட்டுக்கடியில் பூட்டி வைத்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

"கீது முனிம்மா. நா எடுத்துத் தரேன்" என்றார்.

ஈர ஒற்றுத்தாளைச் சீட்டின்மேல் போட்டு, ஊற விட்டு, தாள் பிரிக்கிற எலும்புக் கத்தியை மெதுவாக நுழைத்தார். தாள் கிழிந்தால் புத்தகமும் போச்சு, வேலையும் போச்சு, கால்வாய்க்கரையும் போச்சு. சீட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தது. கடைசியில் கழன்று வந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பக்கத்தில் மேல்வரிகளின் பாதி எழுத்து மட்டும் தங்கியிருந்தது. வேண்டிய வரி இருந்த இடம் வெறும் வெள்ளை.

"யா அல்லா!" என்று வலியுல்லா உட்கார்ந்துவிட்டார்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தவர் சிதம்பரநாதன்தான். வரி அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, தலைகீழாக இல்லை, இடம் வலம் மாறி. வாசலில் மரத்தடியில் க்ஷவரம் செய்கிறவரிடம் ஓடிப்போய்க் கண்ணாடி வாங்கி வந்தார்கள். கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தும் நேராக நின்றது. வக்கீல் படிக்கப் படிக்க முனியம்மாள் அழுதாள்.

கோர்ட்டுக்கு வலியுல்லாதான் புத்தகத்தையும் சீட்டையும் கண்ணாடியையும் துணியில் சுற்றிக் கொண்டு போனார். எதிர்க்கட்சி வக்கீல் எகிறினார். "சீட்டின் முதுகில் இருப்பதெல்லாம் சட்டமா? இவர்களே எழுதி ஒட்டியிருந்தால்?"

ஜட்ஜ் வலியுல்லாவைக் கூண்டில் ஏறச் சொன்னார். "முழுவதும் ஒட்டச் சொன்னது யார்?"

தணிகாசலம் பின்னால் பெஞ்சில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும் சொல்லலீங்க. ஓரத்துல மட்டும் ஒட்டணும்னுதான் உத்தரவு. லட்சணமா இருக்கட்டும்னு நானே முழுசா ஒட்டிட்டேன். தப்பு என்னோடது. எழுத்து மட்டும் சர்க்கார் எழுத்துங்க."

ஜட்ஜ் கண்ணாடியைக் கையில் வாங்கி அதில் சீட்டின் முதுகை வெகுநேரம் பார்த்தார். சீட்டை வெள்ளை இடத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தின் விளிம்புகள் அப்படியே பொருந்தின. மாற்று இடம் காட்டாமல் குடிசைகளைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் முனியம்மாள் நடு வராந்தாவில் வலியுல்லாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லாருக்கணும் பாய்" என்றாள். தணிகாசலம் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து ஓரத்துல மட்டும். காதுல விழுந்ததா?" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுஷர்.

வீட்டில் சகினா பிரியாணி ஆக்கியிருந்தாள். வலியுல்லா தட்டைத் தொடவில்லை.

"கேஸ்தான் ஜெயிச்சாச்சே. இன்னும் என்னங்க?"

"இது மாதிரி இன்னும் எத்தனையோ பக்கம் ஒட்டி வச்சிருக்கேன் சகினா."

"ஒட்டின கையாலயே பிரிச்சாப் போச்சு. நாளைக்கே ஆரம்பிங்க."

"பிரிச்சுடலாம். ஆனா முனிம்மாவுக்கு என்னைத் தெரியும், அதனால வந்து கேட்டுட்டா. இத்தனை வருஷத்துல யாரெல்லாம் வந்து, பக்கத்தைப் பார்த்துட்டு, நமக்குச் சட்டம் இல்லன்னு பேசாம எழுந்து போனாங்களோ? அவங்கள எங்க போய்த் தேடுவேன்?"