பூட்டுக்காரரின் ஓவன்

மாடியில் நெருப்பு கூடாது என்று சொன்னது நான்தான். அதற்காக என்னைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். மேல்தளம் முழுக்க மரத் தரை, தடுப்புகளும் மரம். முன்பு குடியிருந்தவன் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். அன்று கரிந்த சுவர் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பல்லைக் காட்டுகிறது. அதனால் பூட்டுக்காரர் ஒற்றை அறை கேட்டு வந்தபோது அடுப்பு கிடையாது, சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். தனி ஆள்தானே அக்கா, கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவர் பெட்டியை இறக்கினார்.

தெருவில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் கூப்பிட்டால் ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்பார். அவர்கள் படியில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்த பிறகு ஆடி அசைந்து வருவார். மனைவி பிரிந்து போனதற்கும் இதுதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரியாது. ஆனால் வந்து கை வைத்துவிட்டால் எந்தப் பூட்டும் அவர் பேச்சைத் தட்டாது.

பதிமூன்று வயது மகள் தாயிடம் இருந்தாள். தாய்க்கு வெளியூரில் சில மாதம் வேலை வந்தது. பெண்ணைத் தன் தங்கை வீட்டில் விட அவள் நினைக்க, பெண் அப்பாவிடம்தான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு. அப்பாவிடம் இருக்கட்டும், ஆனால் கடைச் சாப்பாடு ஆகாது, சமைத்துப் போட வேண்டும். கொஞ்ச நாள் கழித்துச் சித்தி வந்து பார்ப்பாள். சரிப்படவில்லை என்றால் கையோடு கூட்டிப் போய்விடுவாள்.

அடுப்பே இல்லாதவரிடம் இப்படி ஒரு நிபந்தனை. என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். நான் மசியவில்லை. மறுநாள் ஒரு பழைய மைக்ரோவேவ் ஓவனைத் தோளில் சுமந்து படியேறினார். இதில் நெருப்பு இல்லையே அக்கா என்றார். இல்லைதான். சரி என்றேன்.

முதல் நாள் சோறு பொங்கி வழிந்து உள்ளே இருந்த கண்ணாடித் தட்டு கஞ்சிக்குளம் ஆனது. அடுத்து முழு உருளைக்கிழங்கு வெடித்தது. பிறகு அப்பாவும் மகளும் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார்கள். கிழங்கை முள்கரண்டியால் குத்திவிட வேண்டும். அரிசிக்குப் பெரிய பாத்திரம் வேண்டும், நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தால் அரிசி பல்லில் கடிபடும். அது உள்ளேயே சற்று நேரம் இருந்தால்தான் தன் சூட்டில் தானே வெந்து முடியும். அந்த நேரத்தில் அரத்தால் சாவி ராவுகிற மேசையை ஒதுக்கி, தட்டு போட்டு, இருவரும் எதிரெதிரே காத்திருப்பார்கள். ஊரையே காக்க வைக்கிற மனுஷர் சோற்றுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒன்று மட்டும் அவருக்கு வரவே இல்லை. மூடியை ஒரு பக்கம் தளர்த்தி வைக்க வேண்டும், ஆவி போக வழி வேண்டும். அவர் கை அதற்கு இணங்கவில்லை. மூடினால் இறுக மூடிப் பழகிய கை அது. நாலு பக்கமும் கொக்கி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் காயைப் போட்டு, நாலு கொக்கியையும் அழுத்தி, போதாததற்கு ஆட்டியும் பார்த்துத்தான் உள்ளே வைப்பார். மகள் பின்னாலேயே வந்து ஒன்றை எடுத்துவிடுவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி வந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. மேலே நாற்காலி போதவில்லை என்று மகள் என்னிடம் கேட்க வந்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாங்கள் படியேறிக்கொண்டிருந்தபோது மேலே படீரென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஓவன் கதவு திறந்து கிடக்கிறது, டப்பா மூடி தரையில் கிடக்கிறது, சுவரெல்லாம் உருளைக்கிழங்கு. சித்தியின் தோளில் பட்டாணி. வேறு எங்கும் படாதது நல்லகாலம். பூட்டுக்காரர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். படபடப்பில் நாலு கொக்கியையும் போட்டுவிட்டார், எடுத்துவிட ஆள் இல்லை.

சித்தி பெண்ணைப் பார்த்து, துணிமணியை எடுத்து வை, கிளம்பலாம் என்றாள்.

"நான்தான் சித்தி மூடினேன். அப்பா சொல்லிக் குடுத்திருக்கார், நான்தான் மறந்துட்டேன்."

நாற்காலியின் ஒரு கால் இன்னும் அவள் கையில் இருந்தது. மறு பக்கத்தை நான் பிடித்திருந்தேன்.

"பொய் சொல்லாதம்மா. மூடினது நான்," என்றார் அவர். பிறகு சித்தியிடம், "நீ கூட்டிட்டுப் போம்மா. எனக்காக இவ பொய் சொல்லிப் பழக வேண்டாம்," என்றார்.

"உங்களுக்காகச் சொல்லலப்பா." அவள் சித்தியின் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல நல்லா சமைப்பீங்க சித்தி. மூடி வெச்சிட்டு வேலைக்குப் போயிடுவீங்க. அம்மாவும் அப்படித்தான். நானே எடுத்துப் போட்டுப்பேன். இங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடறோம்."

சித்தி தோளில் இருந்த பட்டாணியைத் துடைத்தாள். என் அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இவள் இங்கேயே இருக்கட்டும் என்றாள். சோறாவது தப்பித்ததா என்று கேட்டு, நாங்கள் கொண்டுவந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

என்னையும் உட்காரச் சொன்னார்கள். சமைத்தது ஆறிவிடும் என்று சாக்குச் சொல்லிக் கீழே வந்தேன். என் சமையலறையில் அடுப்புக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு அங்கே யாருக்கும் இரண்டாவது தட்டு வைத்ததில்லை. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாப்பாட்டைப் போட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு படியேறினேன்.