காப்பி இலைக்கு அடியில் பார்த்தது

"இது என்னன்னு சொல்லுங்க மாமா, பாக்கலாம்" என்று மருமகள் தன் கேமராவை நீட்டினாள். காப்பி இலையின் அடியில் ஒரு துளி ஆரஞ்சு நிறம், படம் முழுக்கப் பெரிதாகி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சிறுவயதிலேயே பார்த்தவன் நான்.

அப்போது மாரமங்கலத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் காப்பிதான், அதுவும் முதல் காய்ப்பு. பக்கத்து எஸ்டேட்டில் துரு நோய் வந்து செடிகள் மொட்டையாகியிருந்தன. எங்கள் இலையிலும் ஆரஞ்சுப் புள்ளிகளைக் கண்ட அப்பா, பரவும் முன் வெட்டிக் கொளுத்த அரிவாளோடு வந்துவிட்டார். அம்மா அழுதாள்.

கரடியூருக்குச் சுற்றிப்பார்க்க வந்த யாரோ போட்டுவிட்டுப் போன கேமராவின் லென்ஸ் கண்ணாடி எப்போதும் என் டவுசர் பையில் இருக்கும். உப்பு, எறும்பு எல்லாவற்றையும் அதில்தான் பார்ப்பேன். "எறும்புக்கு மூக்குக் குத்தப் போறயா சாமி?" என்று அப்பா கேலி செய்வார். அன்று அதை இலைமேல் பிடித்தேன். துரு என்றால் பொடியாக இருக்கும். இவையோ நட்டு வைத்த சாமை அரிசிபோல் நின்றன. ஒன்றிலிருந்து ஒரு குஞ்சு காலை நீட்டியது.

"அப்பா, முட்டைங்கப்பா!"

அப்பா கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தார். "அட, பொறிவண்டு! மாவுப்பூச்சியத் திங்கற நல்ல பூச்சி" என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, அரிவாள ஊட்டுக்குள்ள வெச்சரட்டுங்களா?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கண்ணாடியை மட்டும் அப்பா திருப்பித் தரவில்லை. பொழுது சாயும்வரை உப்பையும் எறும்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நாலாவதோடு நின்றவன். இன்று இந்தச் சரிவு முழுக்க என் காப்பி. எல்லாம் அந்த அரை ஏக்கரில் தொடங்கியது.

"பொறிவண்டு முட்டை" என்றேன். மருமகள் வாயைப் பிளந்தாள். கேமராவை வாங்கிக்கொண்டு, உப்பு ஜாடியைத் தேடிச் சமையலறைக்கு நடந்தேன்.